படித்ததையே மீண்டும் படிக்கிறேன், வாங்கியவை அப்படியே கிடக்கின்றன: உங்கள் வழக்கம் என்ன?

காவிரிக்கரை:

அன்புள்ள வாசக நண்பர்களுக்கு வணக்கம்.

எனக்கு வயது 47. திருச்சியில் ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். தொழிலால் வந்த பழக்கமோ என்னவோ, 2009-ஆம் ஆண்டு முதல் படித்து முடித்த ஒவ்வொரு புத்தகத்தையும் தேதியிட்டு ஒரு நீள நோட்டில் பதிந்து வருகிறேன். சென்ற டிசம்பர் இறுதியில் அந்த நோட்டைக் கூட்டிப் பார்த்தபோது எனக்கே வெட்கமாக இருந்தது. ஆண்டு முழுவதும் முடித்தவை 31 புத்தகங்கள். அவற்றுள் 19, ஏற்கெனவே ஒருமுறையாவது படித்தவை. புதிதாகப் படித்த 12-இல் ஐந்து நூலகத்திலிருந்து எடுத்தவை. ஏழு மட்டுமே என் அலமாரியைச் சேர்ந்தவை. ஆனால் அதே ஆண்டில் நான் விலைகொடுத்து வாங்கியவை 44. கணக்கர் மொழியில் சொன்னால், படிக்காத புத்தகங்களின் இருப்பு ஒரே ஆண்டில் 37 கூடியிருக்கிறது.

ஆண்டுதோறும் ஜனவரியில் நந்தனம் புத்தகக் காட்சிக்குச் சென்று, இரண்டு பெரிய பைகளோடு இரவு வண்டியில் திரும்புவது எனக்குப் பண்டிகை மாதிரி. அங்கே கிடைக்கும் பத்து சதவீதக் கழிவு பெரிய தொகையன்று. ஆனால் அந்தக் கழிவைக் காரணம் காட்டி எனக்கு நானே சொல்லிக்கொண்ட சமாதானங்கள் ஏராளம்.

என் வாசிப்பு இரவு பத்து மணிக்கு மேல் தொடங்கி முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். பகலெல்லாம் எண்களைப் பார்த்துக் களைத்த கண்ணுக்கு, தெரியாத ஊரும் தெரியாத பெயர்களும் நிறைந்த புதிய நாவலின் முதல் ஐம்பது பக்கங்கள் ஏறுவதில்லை. படித்த புத்தகம் என்றால் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் உள்ளே போய் உட்கார்ந்துவிடலாம். ஆகவே கை தானாகவே அப்படித் திரும்பத் திரும்பப் படிக்கும் நாற்பது புத்தகங்கள் இருக்கும் தட்டுக்குத்தான் போகிறது.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. கல்லூரி நாளில் புதுமைப்பித்தன் கதைகளைப் பழைய தொகுப்புகளில் முன்னும் பின்னுமாகப் படித்திருந்தேன். ஆ. இரா. வேங்கடாசலபதி பதிப்பித்து 2000-ஆம் ஆண்டில் வெளிவந்த பதிப்பில் கதைகள் காலவரிசையில் அமைந்திருக்கின்றன. 1948-இல் 42 வயதில் மறைந்துவிட்ட ஒருவருடைய நடை எந்த இடத்தில் இறுகுகிறது, எங்கே சிரிப்பு கசப்பாக மாறுகிறது என்பதை அந்த வரிசையில்தான் கண்டேன். கதைகள் எல்லாம் தெரிந்த கதைகள். ஆனாலும் அது புதிய புத்தகம். அதை நோட்டில் எந்தக் கலத்தில் எழுதுவது என்று இன்றுவரை முடிவாகவில்லை.

நீங்கள் எப்படிப் படிக்கிறீர்கள்? மறுவாசிப்புக்கும் புதிய வாசிப்புக்கும் நேரத்தை எப்படிப் பங்கிடுகிறீர்கள்? என்னுடையது வயதின் சோம்பலா, அல்லது இதுவும் ஒரு வாசிப்பு முறைதானா? படிக்காமல் சேர்ந்தவற்றை என்ன செய்வது?

பைண்டு புத்தகம்:

காவிரிக்கரை அவர்களுக்கு வணக்கம். மறுவாசிப்பைச் சோம்பல் என்று நான் ஒப்பமாட்டேன். ஆனால் எந்த வேகத்தில் மறுபடி படிக்கிறோம் என்பது முக்கியம் என்று நினைக்கிறேன். அதை எனக்குக் கற்பித்தது எங்கள் வீட்டிலிருக்கும் பைண்டு புத்தகங்கள்.

என் பாட்டி கும்பகோணத்தில் இருந்தபோது, கல்கி இதழில் 1950 முதல் 1954 வரை தொடராக வந்த பொன்னியின் செல்வனை, இதழின் கம்பியைப் பிரித்து, தாள்களை வரிசையாக அடுக்கி, பாகம் முடியும்தோறும் பைண்டரிடம் கொடுத்துக் கட்டி வைத்திருக்கிறார். காலிகோ துணி ஒட்டிய முதுகு. உள்ளே மணியத்தின் ஓவியங்கள். பைண்டர் ஓரம் வெட்டும்போது சில பக்கங்களில் கடைசி எழுத்துகள் போய்விட்டன. சில தாள்களின் பின்புறத்தில் வேறொரு கட்டுரையின் பாதியும், முடிவில்லாமல் அறுந்துபோன துணுக்கும் இருக்கின்றன. அந்தத் துணுக்கு எப்படி முடிந்திருக்கும் என்று சிறுவயதில் நான் கதையைவிட அதிகமாகக் கவலைப்பட்டதுண்டு.

கடையில் வாங்கிய பதிப்பில் ஐந்து பாகங்களையும் ஒரு கோடை விடுமுறையில் ஒரே மூச்சாகப் படித்தேன். மூன்றாம் பாகத்திலேயே ஒரு சலிப்புத் தட்டியது. ஒவ்வோர் அத்தியாயமும் ஓர் ஆபத்தின் விளிம்பில் கொண்டுபோய் நிறுத்துகிறது. அடுத்தது சற்றே பின்னால் போய் நடந்ததை நினைவூட்டிவிட்டுத் தொடங்குகிறது. இது ஏன் இப்படி என்று அப்போது புரியவில்லை. அத்தியாயம் எங்கே நிற்க வேண்டும் என்பதைக் கதை மட்டும் தீர்மானிக்கவில்லை, ஏழு நாள் காத்திருக்கப்போகும் வாசகரை மனத்தில் வைத்தும் தீர்மானித்திருக்கிறார்கள் என்பது, பாட்டியின் தொகுப்பை மெதுவாகப் படித்தபோதுதான் விளங்கியது.

இப்போது என் தாயாருக்கு 81 வயது. கண்ணில் திரை விழுந்து சிறிய எழுத்து தெரிவதில்லை. மாலைக் காப்பிக்குப் பிறகு நாளொன்றுக்கு ஓர் அத்தியாயம் உரக்கப் படித்துக் காட்டுகிறேன். மொத்தம் 293 அத்தியாயங்கள். ஒரு நாளும் விடாமல் படித்தாலே கிட்டத்தட்ட பத்து மாதம் ஆகும். இன்னொன்று படிக்கலாமா என்று எனக்குத்தான் ஆசை வரும், தாயார் ஒப்பமாட்டார். நான் ஒரு வரியை விழுங்கிவிட்டால் உடனே திருத்துகிறார். கதை முழுவதும் தெரிந்தவர், நாளை என்ன ஆகும் என்று என்னிடமே கேட்கிறார்.

உங்கள் முக்கால் மணி நேரத்துக்கும் இது பொருந்தலாம். தொடராக எழுதப்பட்டவற்றை இரவில் ஓர் அத்தியாயமாக வைத்துக்கொண்டால் மீதி அரை மணி நேரம் புதிய புத்தகத்துக்குக் கிடைக்கும்.

சிவப்புநீலம்:

என் வழக்கம் சிறியது. முதல் வாசிப்புக்குச் சாதாரணப் பென்சில், இரண்டாவதற்குச் சிவப்பு, மூன்றாவதற்கு நீலம். இருபது வயதில் நான் அடிக்கோடிட்ட வரிகளை நாற்பதில் பார்க்கும்போது, பக்கத்தில் யாரும் இருக்கிறார்களா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொள்வேன். பேனாவால் மட்டும் எழுதாதீர்கள்; மழைக்காலத்தில் மை பரவி இரண்டு பக்கங்களையும் கெடுத்துவிடும்.

தாம்பரம் லோக்கல்:

மன்னிக்க வேண்டும் ஐயா, நான் எதிர்த்தரப்பில் நிற்கிறேன். எனக்கு 29 வயது. தாம்பரத்திலிருந்து கடற்கரை வரை மின்சார ரயிலில் தினமும் போய் வருகிறேன். என் வாசிப்பில் பெரும்பகுதி அந்த வண்டியில்தான் நடக்கிறது. நின்றுகொண்டே படிக்க வேண்டியிருப்பதால் கிண்டிலை நம்பியிருக்கிறேன். 2016 இறுதியில் அதில் தமிழ்ப் புத்தகங்கள் வரத் தொடங்கிய பிறகு நான் படிக்கும் அளவே மாறிவிட்டது. அதில் ஒரு விநோதம் உண்டு: கையில் கனம் தெரியாததால் புத்தகத்தின் எந்த இடத்தில் இருக்கிறோம் என்பது உடம்புக்குத் தெரிவதில்லை. ஒரு நாவலின் கடைசிப் பக்கம் சைதாப்பேட்டையில் எதிர்பாராமல் வந்து முடிந்துவிட்டது. மாம்பலம் தாண்டும் வரை வெற்றுத் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தேன்.

என் கருத்து இதுதான். மறைந்த எழுத்தாளருக்கு உங்கள் மறுவாசிப்பு தேவையில்லை. அவரைப் படிக்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள். இன்று முதல் தொகுப்பைக் கொண்டுவந்திருக்கும் ஒருவருக்கு, புத்தகம் வந்த ஓராண்டுக்குள் நாலு பேர் படித்துப் பேசினால்தான் இரண்டாவது தொகுப்பு எழுதத் தெம்பு வரும். முன்பெல்லாம் ஆயிரம் பிரதி அச்சடித்தார்கள். இப்போது கேட்கக் கேட்க அச்சடித்துக் கொடுக்கும் முறை வந்துவிட்டதால், முப்பது, நாற்பது பிரதிகளாகவே ஒரு புத்தகம் உலகுக்கு வருகிறது. அந்த நாற்பதில் ஒன்றை நீங்கள் வாங்கி அடுக்கி வைத்திருந்தால், படிக்கக்கூடிய ஒருவரிடமிருந்து அதைப் பறித்துக்கொண்டீர்கள் என்றே சொல்வேன்.

நான் ஒரே நேரத்தில் மூன்று புத்தகங்கள் படிக்கிறேன்: ரயிலில் ஒன்று, படுக்கையில் ஒன்று, சனிக்கிழமை கோட்டூர்புரத்தில் ஒன்று. அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய்ப் படிப்பதற்கென்றே தனிப் பகுதி உண்டு. கையில் ஒரே புத்தகத்தோடு போய், கைப்பேசியைப் பைக்குள் போட்டுவிட்டு உட்கார்ந்தால் நீங்கள் அஞ்சும் அந்த முதல் ஐம்பது பக்கங்கள் ஒரே காலையில் கடந்துவிடும். அறுபது பக்கம் வரை போயும் ஒட்டவில்லையென்றால் குற்றவுணர்ச்சியின்றி விட்டுவிடுவேன்.

மூன்றாம் விதி:

நான் கிளை நூலகத்தில் 34 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன். தம்பி தாம்பரம் லோக்கல் சொல்வதில் சூடு இருக்கிறது. பாதி உண்மையும் இருக்கிறது. மீதிப் பாதியை நூலகப் புத்தகங்களின் தேதிச் சீட்டுகளை வைத்துச் சொல்கிறேன்.

நூலகப் புத்தகத்தின் உள்ளட்டையை ஒட்டி ஒரு சீட்டு இருக்கும். திருப்பித் தர வேண்டிய தேதியை அதில் முத்திரையிடுவோம். சீட்டு நிரம்பினால் அதன்மேல் இன்னொன்றை ஒட்டுவோம். ஐந்தாறு சீட்டுகள் அடுக்கி ஒட்டப்பட்டு, தடித்துப் போன புத்தகங்களும் எங்கள் தட்டில் உண்டு. வந்து பதினைந்து ஆண்டாகியும் முதல் முத்திரையே விழாதவையும் உண்டு. எங்கள் ஊர்த் தபால்காரர் ஒருவர் ஒரே நாவலை ஆண்டுக்கு ஒருமுறை, பெரும்பாலும் ஐப்பசி மழையில், எடுத்துச் செல்வார். ஏன் அதையே எடுக்கிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். மழை நாளில் கடிதம் கொண்டுபோகும் காட்சி ஒன்று அதில் வருகிறது, அதை எழுதியவருக்கு என் வேலை தெரிந்திருக்கிறது என்றார். அவர் புதிய புத்தகங்களும் எடுப்பார். ஆனால் அவற்றை அளக்கும் மரக்கால் அந்த ஒன்றுதான். மறைந்த எழுத்தாளருக்கு மறுவாசிப்பு வேண்டாம் என்பது சரியாக இருக்கலாம், தம்பி. வாசகருக்கு வேண்டியிருக்கிறதே.

என் புனைபெயருக்குக் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். சீர்காழியில் 1892-இல் பிறந்து, கணித ஆசிரியராக இருந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ். ஆர். ரங்கநாதன், 1931-இல் நூலகவியலுக்கு ஐந்து விதிகளை வகுத்தளித்தார். இரண்டாம் விதி, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் என்பது. மூன்றாம் விதி அதைத் திருப்பிப் போடுகிறது: ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர். வீட்டு அலமாரிக்கு இந்த மூன்றாம் விதிதான் கடினமானது. உங்கள் வீட்டில் படிக்கப்படாமல் இருக்கும் புத்தகத்துக்கு நீங்கள் உரியவர்தானா, அல்லது வெறும் உரிமையாளரா என்று அது கேட்கிறது.

இனி உங்கள் கணக்குக்கு வருகிறேன், காவிரிக்கரை ஐயா. நீங்களே எழுதிவிட்டு நீங்களே கவனிக்காமல் விட்ட எண் ஒன்று அதில் இருக்கிறது. புதிதாகப் படித்த 12-இல் ஐந்து நூலகத்திலிருந்து எடுத்தவை என்கிறீர்கள். நூலகத்திலிருந்து மொத்தம் எத்தனை எடுத்தீர்கள்? எடுத்தவை ஏறக்குறைய எல்லாமே முடிந்திருக்கும் என்று ஊகிக்கிறேன். சொந்தப் புத்தகத்திலோ 44 வாங்கி ஏழுதான் முடிந்திருக்கின்றன. அதே கண், அதே களைப்பு, அதே இரவு பத்து மணி. வேறுபாடு தவணைத் தேதி ஒன்றுதான். சொந்தப் புத்தகம் என்றைக்கும் ஓடிப்போகாது என்ற நம்பிக்கைதான் அதைப் படிக்கவிடாமல் செய்கிறது.

1948-இல் சென்னை மாகாணத்தில் இயற்றப்பட்ட பொது நூலகச் சட்டம், விடுதலைக்குப் பின் இந்தியாவில் வந்த முதல் நூலகச் சட்டம். சொத்து வரியோடு நூலக வரியும் சேர்த்துத்தான் நாம் கட்டிவருகிறோம். எனவே புதிய நாவலை முதலில் நூலகத்தில் எடுத்துப் படியுங்கள். மறுபடி படிக்கத் தோன்றினால் அப்போது வாங்குங்கள்.

கொடுக்க நினைத்தால், கிளை நூலகரிடம் முன்கூட்டியே பேசிவிட்டுக் கொடுங்கள். பழைய போட்டித் தேர்வு வழிகாட்டிகளையும் சென்ற ஆண்டுப் பஞ்சாங்கத்தையும் மூட்டையாகக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, நன்றிக் கடிதம் கேட்டவர்கள் எனக்கு நினைவிருக்கிறார்கள். ராமபாணப் பூச்சி துளைத்திருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். அடிக்கடி புரட்டப்படும் புத்தகத்தில் அது தங்குவதில்லை. திறக்காமல் நெருக்கி அடுக்கியவற்றில்தான் முதலில் குடியேறும். வெயிலில் காயவைக்க வேண்டாம், தாள் முறுகிவிடும். காற்றோட்டமான நிழலில் பிரித்து நிறுத்தினால் போதும்.

வாசிகசாலை:

வணக்கம். நான் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவன். இப்போது டொரண்டோவில் இருக்கிறேன். மறுவாசிப்பைப் பற்றி எனக்குச் சொல்ல இருப்பது சற்று வேறானது.

எங்கள் ஊரில் வாசிப்பு என்பது வாசிகசாலையில் தொடங்கியது. காலையில் பேப்பர் வந்ததும் ஆளுக்கொரு தாளாகப் பிரித்துக்கொண்டு வாங்கில், அதாவது பெஞ்சில், உட்கார்ந்து வாசிப்போம். யாராவது ஒரு பெரியவர் தலையங்கத்தை எல்லோருக்கும் கேட்க வாசிப்பார். 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. நான் அப்போது சிறுவன். அதன்பின் எங்கள் வீட்டில் ஒரு கடதாசியைக்கூட எறியவிடாமல் ஐயா சேர்த்துவைக்கத் தொடங்கினார். வீரகேசரி வெளியிட்ட நாவல்களும், டொமினிக் ஜீவா நடத்திய மல்லிகை இதழ்களும் ஓர் அலுமாரி நிறைய இருந்தன. 1995 ஒக்ரோபர் இறுதியில் ஊரே இடம்பெயர்ந்தபோது அந்த அலுமாரியைப் பூட்டிச் சாவியை மட்டும் கொண்டுபோனோம். சாவி இன்னமும் என்னிடம் இருக்கிறது.

2005 முதல் இயங்கிவரும் நூலகம் என்ற மின்னூலகத்தில் பழைய மல்லிகை இதழ்கள் படம்பிடித்து ஏற்றப்பட்டிருப்பதைப் பல ஆண்டுகள் கழித்துக் கண்டேன். பதினேழு வயதில் வாசித்த ஒரு சிறுகதையைத் தேடி எடுத்தேன். அதில் ஒரு கிழவி கிணற்றடியில் வாளியைப் போட்டுவிட்டு நிற்கும் காட்சி வரும்; அதை நான் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். கதையை மூன்று தரம் வாசித்தேன். கிழவி இருந்தாள், கிணறும் இருந்தது, வாளி விழவேயில்லை. வேறு கதையிலிருந்து வந்ததா, எங்கள் வீட்டுக் கிணற்றடியில் நடந்ததா என்று இன்றைக்கும் பிடிபடவில்லை. இருபத்தைந்து வருடமாக நான் நினைவில் வைத்திருந்தது அந்தக் கதையை அல்ல. ஆகவே தம்பி தாம்பரம் லோக்கல், நான் அதை எடுத்து வாசித்தது மறுவாசிப்பா, முதல் வாசிப்பா என்று நீங்கள்தான் சொல்ல வேணும்.

சேர்ப்பதைப் பொறுத்தவரை, நான்கு தரம் வீடு மாறியபின் அறுபது புத்தகத்துக்கு மேல் வைத்திருப்பதில்லை என்று முடிவெடுத்திருக்கிறேன். ஒன்று வந்தால் ஒன்று யாரிடமாவது போகும்.

தாம்பரம் லோக்கல்:

வாசிகசாலை அண்ணா, அந்த வாளியை நான் மறக்கமாட்டேன். மறுவாசிப்பு வேண்டாம் என்ற என் பேச்சைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஆனால் புதியவர்களைப் பற்றிச் சொன்னதை விட்டுக்கொடுக்கப் போவதில்லை. 19-க்கு 12 என்பது இப்போதும் எனக்குக் குறைவாகவே படுகிறது. நூலகர் ஐயாவுக்கு ஒரு கேள்வி: கேட்டால் மட்டும் அச்சிடப்படும் புத்தகங்கள் கிளை நூலகத்துக்கு வந்து சேருமா?

மூன்றாம் விதி:

பெரும்பாலும் வராது, தம்பி. அவற்றை நீங்கள் வாங்கித்தான் படிக்க வேண்டும்; படித்து முடித்தபின் ஒரு பிரதியை எங்களுக்குக் கொடுங்கள்.

காவிரிக்கரை:

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. நூலகர் ஐயாவின் கேள்வியைப் படித்ததும் நோட்டை எடுத்துப் பார்த்தேன். சென்ற ஆண்டு நூலகத்திலிருந்து எடுத்தவை ஆறு, முடித்தவை ஐந்து. ஆறாவதைத் தவணை தாண்டி, அபராதம் கட்டித் திருப்பிக் கொடுத்திருக்கிறேன். பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் நோட்டு எழுதியும் இந்த வேறுபாடு என் கண்ணில் படவில்லை.

ஆகவே வீட்டில் ஒரு சிறிய ஏற்பாடு செய்தோம். சென்ற ஆண்டு வாங்கிய 44-ஐயும் தரையில் பரப்பி வைத்து, என் மனைவியும் எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகளுமாக உட்கார்ந்து பார்த்தோம். படித்து முடித்திருந்த ஏழைத் தள்ளிவைத்தபின், ஒன்பதை நான் ஏன் வாங்கினேன் என்று என்னாலேயே சொல்ல முடியவில்லை. அவற்றைக் கொடுப்பதற்காக எங்கள் பகுதிக் கிளை நூலகரிடம் பேசிவிட்டேன். மீதமுள்ள 28-இலும் தேதிச் சீட்டு ஒட்டப்பட்டிருக்கிறது. மகள்தான் நூலகர். இருபது நாள் தவணை; அலுவலகத்தில் வழக்கொழிந்த பழைய தேதி முத்திரை ஒன்றை அவளுக்குக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறேன். தவணை தப்பினால் நாளொன்றுக்கு ஐந்து ரூபாய் அபராதம். புதுப்பித்துத் தரும் வழக்கம் இந்த நூலகத்தில் இல்லையாம்.

பைண்டு புத்தகம் அம்மா சொன்னபடி, இரவில் முதல் கால் மணி நேரம் பழைய புத்தகத்தில் ஓர் அத்தியாயம், அதன்பின் தவணையில் இருக்கும் புதியது என்று பிரித்துக்கொண்டிருக்கிறேன். தெரிந்த குரலைச் சற்று நேரம் கேட்ட பிறகு தெரியாத ஊருக்குள் போவது எளிதாகத்தான் இருக்கிறது. புதுமைப்பித்தன் பதிப்பை, வாசிகசாலை அண்ணாவின் வாளியை நினைத்துக்கொண்டு, புதியவை என்ற கலத்திலேயே எழுதிவிட்டேன்.

முதல் சீட்டில் விழுந்திருக்கும் தேதி இம்மாதம் 18. இன்று 14, நான் 112-ஆம் பக்கத்தில் இருக்கிறேன். மொத்தம் 236 பக்கம். நூலகர் நேற்றிரவே ஒருமுறை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.